சிபில் 583, கையில் ரூ.15,000: ஆடி பிறப்பதற்குள் வாடகை வீடு தேடிய ஒரு வடசென்னைக் குடும்பம்

2025 ஜூன் தொடக்கத்தில், காலடிப்பேட்டையில் ஏழு ஆண்டுகளாகக் குடியிருந்த ஒரு குடும்பத்திடம் ஜூலை முடிவதற்குள் வீட்டைக் காலி செய்து தரும்படி உரிமையாளர் சொன்னார். கட்டடத்தை இடித்து அடுக்ககம் கட்டுவதற்கு அவர் ஒரு புரொமோட்டரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டிருந்தார். குடும்பத்தில் ஐந்து பேர். கணவர் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் மேற்பார்வையாளர்; மனைவி ஏற்றுமதி உடைகளை வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவர்; ஒன்பதாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் இரு பிள்ளைகள்; முட்டி வலியோடு கணவரின் தாயார். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய ரூ.33,000. கையிருப்பு ரூ.15,000. கணவரின் சிபில் மதிப்பெண், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் எண், 583. வாடகை ஒப்பந்தங்கள் தயாரித்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் இந்தத் தேடலின் பெரும்பகுதியை அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது. குடும்பத்தின் இசைவோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி இதை எழுதுகிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வடசென்னையில் சிபில் குறைந்தவருக்கு வீட்டு உரிமையாளர் அந்த எண்ணைப் பார்த்துக் கதவடைப்பது அரிது. பெரும்பாலானோர் அதைக் கேட்பதே இல்லை. ஆனால் மதிப்பெண் குறைந்தவரால் அட்வான்ஸ் தொகையைக் குறுகிய காலத்தில் நியாயமான வட்டிக்குப் புரட்ட முடியாது, வீடு கைநழுவுவது அங்கேதான். ஆகவே இத்தகைய குடும்பம் தன் நேரத்தை மதிப்பெண்ணை உயர்த்துவதில் செலவிடுவதைவிட, அட்வான்ஸைக் குறைப்பதிலும் பழைய அட்வான்ஸை முன்கூட்டியே வாங்குவதிலும் செலவிட வேண்டும் என்பதே இந்த நிகழ்விலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு.

583 வந்த வழி

இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. மதிப்பெண் 300 முதல் 900 வரை செல்லும். 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் நல்லது என்று எடுத்துக்கொள்கின்றன. கணவரின் அறிக்கையைத் தரவிறக்கிப் பார்த்தபோது அதில் இரண்டு கணக்குகள்தான் தொல்லையாக இருந்தன.

முதலாவது ஒரு கடன் அட்டை. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தாயாரின் மருத்துவச் செலவுக்குத் தேய்த்த தொகை வட்டியோடு ரூ.41,000 ஆகி, கட்ட முடியாமல் நின்று, மறு ஆண்டில் ரூ.23,000 கொடுத்து ‘செட்டில்மெண்ட்’ செய்யப்பட்டது. கையில் கொடுக்கப்பட்ட கடிதத்தைப் பார்த்துக் கடன் தீர்ந்தது என்று குடும்பம் நம்பியிருந்தது. ஆனால் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘குளோஸ்டு’ என்று வராமல் ‘செட்டில்டு’ என்று வந்திருந்தது. வங்கி மீதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்துக்கொண்டது என்பதே அதன் பொருள். அடுத்து கடன் கொடுக்க வருபவர் அதைப் பாதி கட்டி விட்டுப்போன கடனாகவே படிப்பார்.

இரண்டாவது இருசக்கர வாகனக் கடன். இது 2023இலேயே முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டு, பாக்கி இல்லை என்ற சான்றான என்ஓசி வாங்கி, ஆர்சி புத்தகத்தில் இருந்த அடைமானக் குறிப்பும் நீக்கப்பட்டிருந்தது. ஆயினும் அறிக்கையில் ரூ.2,340 நிலுவை என்று காட்டியது. மாதவாரியாகத் தாமத நாட்களைக் காட்டும் கட்டங்களில், 2023 மார்ச் வரை பெரும்பாலும் ‘000’ என்று இருந்த வரிசை, கடன் முடிந்த பிறகு 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. கடன் கொடுத்த நிறுவனம் கடைசியில் ஏதோ ஒரு கட்டணத்தைச் சேர்த்து, அதைச் சொல்லாமலே விட்டிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. ஏழு ஆண்டுகளாக ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய வீட்டு வாடகையைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. வங்கியும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் தகவல்கள் மட்டுமே அங்கே சேர்கின்றன. வாடகையில் நாணயமாக இருந்தவர் என்பதற்கான சான்றைக் குடியிருப்பவர்தான் தனியாகத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

கிடைக்காத வீடுகள்

தேடல் டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி என்று பழகிய இடங்களிலேயே தொடங்கியது. பிள்ளைகளின் பள்ளி திருவொற்றியூரில் இருந்ததால் அது இயல்புதான். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் நீட்டிக்கப்பட்டதிலிருந்து, நிலையத்துக்கு நடந்துபோகும் தொலைவில் உள்ள வீடுகளுக்கு உரிமையாளர்கள் சொல்லும் வாடகை வேறாகிவிட்டது. டோல்கேட்டில் ஒரு புரோக்கர் காட்டிய வீட்டுக்கு வாடகை ரூ.12,000, பத்து மாத அட்வான்ஸ் ரூ.1,20,000, புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகையையும் சேர்த்தால் சாவி வாங்குவதற்கே ரூ.1,44,000 வேண்டும்.

மாதவரத்தில் ஓர் அடுக்ககத்தை நிர்வகிக்கும் நிறுவனம் அட்வான்ஸ் இரண்டு மாதம் போதும் என்றது. ஆனால் செயலியில் விண்ணப்பித்தபோது கடன் அறிக்கையைப் பார்க்க ஒப்புதல் கேட்டு, மறுநாளே விண்ணப்பத்தை நிராகரித்தது. மதிப்பெண் நேரடியாகக் குறுக்கே நின்றது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். குறைந்த அட்வான்ஸில் நிறுவனமே வீடு விடும் இடங்களில் இதை எதிர்பார்த்துக்கொள்ளலாம். பெரிய அட்வான்ஸ் இல்லாதபோது அவர்கள் வேறொரு பிடிமானத்தைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான். தனி வீட்டு உரிமையாளர் யாரும் குடிவருபவரின் அறிக்கையைத் தாமாகக் கேட்டுப் பெற இயலாது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் அந்த உரிமையைக் குறிப்பிட்ட வகை நிறுவனங்களுக்கே தருகிறது. யாராவது ‘ஒரு ஓடிபி சொல்லுங்க, பார்த்துடலாம்’ என்று கேட்டால் மறுத்துவிட்டு, அறிக்கையைத் தாமே எடுத்துக் காட்டுவது நல்லது.

கொடுங்கையூரில் ஒரு வீட்டை ‘லீஸ்’ முறையில் தருவதாகச் சொன்னார்கள்: நான்கு லட்சம் கொடுத்தால் மூன்று ஆண்டுகளுக்கு வாடகை இல்லை. போகியம் என்று நம் பக்கத்தில் பழகிய முறைதான். அவ்வளவு பணம் இல்லை என்பதால் பேச்சு அங்கேயே முடிந்தாலும், பதிவுத் துறையின் இணையதளத்தில் அந்தச் சொத்தின் வில்லங்கத்தைப் பார்க்கச் சொன்னேன். வீடு ஒரு வங்கியின் அடமானத்தில் இருந்தது. உரிமையாளர் தவணை தவறி வங்கி வீட்டைக் கையகப்படுத்தினால், பதிவு செய்யப்படாத போகியப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நான்கு லட்சத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. உறவினர்களிடம் கைமாற்று வாங்கியாவது போகியத்துக்குப் போய்விடலாமா என்று கணவர் அப்போது யோசித்துக்கொண்டிருந்ததால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணத்துக்கு இருந்த வழிகள்

வங்கியில் தனிநபர் கடன் 583க்குக் கிடைக்கவில்லை. நகைக்கடனுக்கு மதிப்பெண் அவ்வளவு தடையாக இருப்பதில்லை, பொன்னே பிணையாக இருப்பதால். ஆனால் வீட்டில் இருந்த நகையில் பெரும்பகுதி ஏற்கெனவே பள்ளிக் கட்டணத்துக்கு அடகில் இருந்தது. மனைவியின் மகளிர் குழுக் கடன் ஒன்று மாதம் ரூ.2,200 என ஓடிக்கொண்டிருந்தது.

மீதி இருந்தது தண்டல். பத்தாயிரம் என்று எழுதி ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நாள்தோறும் நூறு ரூபாயாக நூறு நாளுக்கு வசூலிப்பார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 80 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. ஒரு லட்சம் அட்வான்ஸுக்காகத் தண்டல் எடுத்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். குடும்பத்தின் முழு வருமானமும் அதற்கே போதாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகே கணவர் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

அதே வாரத்தில், ரூ.6,000 கொடுத்தால் பதினைந்து நாளில் சிபிலை 750க்குக் கொண்டுவருவதாக ஒருவர் பேசினார். உண்மையாகப் பதிவான தாமதத்தை எவராலும் பணம் வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. வாகனக் கடன் நிலுவையைப் பற்றி என்ஓசி நகலோடு சிபில் தளத்திலேயே முறையீடு பதிவு செய்யப்பட்டது. முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்பது இப்போதுள்ள விதி. ஆனால் முப்பது நாள் என்பது வீடு தேடும் குடும்பத்துக்கு மிக நீண்ட காலம், ஆகவே அதை நம்பி எதையும் தள்ளிப்போடவில்லை. கடன் அட்டையின் மீதி ரூ.18,000ஐக் கட்டி ‘செட்டில்டு’ என்பதை மாற்றிவிடலாம் என்ற யோசனையையும் நான் அப்போது ஏற்கவில்லை. கையில் இருக்கும் பணம் அட்வான்ஸுக்குப் போக வேண்டிய நேரம் அது.

தண்ணீர் கேன் போடுபவர் சொன்ன வீடு

தெருவில் எந்த மாடி காலியாக இருக்கிறது என்பது புரோக்கருக்கு முன்பே தெரிந்தவர்கள் சிலர் உண்டு: இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், தண்ணீர் கேன் போடுபவர். ஒரு வீட்டில் கேன் நின்றுபோனால் அங்கே ஆள் இல்லை என்று பொருள். தண்டையார்பேட்டையில் ஒரு தெருவில் முதல் மாடி வீடு ஒன்று மே மாதத்திலிருந்து காலியாக இருப்பதாக மனைவியிடம் சொன்னவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். உரிமையாளர் கீழ்வீட்டில் குடியிருக்கும் வயதான அம்மையார். டு-லெட் பலகை மாட்டினால் புரோக்கர்கள் மொய்த்துவிடுகிறார்கள் என்று மாட்டாமலே வைத்திருந்தார்.

அவர்கள் பார்க்கப் போனது ஆனி மாதத்தின் கடைசி வாரம். ஜூலை 17 அன்று ஆடி பிறக்கிறது. ஆடியில் வீடு மாறக் கூடாது என்ற வழக்கம் இன்னும் வலுவாக இருப்பதால், ஆனிக்குள் ஆள் அமையாத வீடு பெரும்பாலும் ஆவணி வரை சும்மா கிடக்கும். குடும்பத்துக்கு இருந்த அவசரத்துக்குச் சற்றும் குறையாத அவசரம் அந்த அம்மையாருக்கும் இருந்தது. அட்வான்ஸைப் பேசிக் குறைக்க ஆண்டில் இதைவிட நல்ல வாரம் கிடையாது. ஆனால் வீடு தேடுபவர்கள் தம் நெருக்கடியில் மூழ்கிவிடுவதால் எதிரில் இருப்பவரின் நெருக்கடி அவர்கள் கண்ணில் படுவதில்லை.

“எத்தனை பேரும்மா? மாமியார் படி ஏறுவாங்களா?” என்பது அம்மையாரின் முதல் கேள்வி.

“அஞ்சு பேரும்மா. முட்டி வலி இருக்கு, மெதுவா ஏறிடுவாங்க. தண்ணி எப்படிம்மா?”

மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வரும், தொட்டியில் பிடித்து மோட்டார் போட்டுக்கொள்ளலாம், மாடிக்குத் தனி ஈபி இணைப்பு உண்டு என்றார். இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்கும் வீடுகளில், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை குடியிருப்பவருக்குக் கிடைப்பதே இல்லை.

பெங்களூருவில் வேலை பார்க்கும் அவருடைய மகன் தொலைபேசியில் வந்து, சிபில் அறிக்கை இருந்தால் காட்டச் சொன்னார். தனி உரிமையாளர் தரப்பிலிருந்து அந்தக் கேள்வி வந்தது இந்த ஒரே முறைதான். இதற்கு முன்பே முடிவு செய்திருந்தபடி கணவர் எதையும் மறைக்கவில்லை. அறிக்கையோடு, மூன்று ஆண்டு வங்கிக் கணக்கு விவரத்தில் வாடகை அனுப்பிய ஒவ்வொரு வரியையும் மஞ்சள் மையால் கோடிட்ட நகல், சம்பளச் சீட்டுகள், ஈபி ரசீதுகள், பழைய உரிமையாளர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம், என்ஓசி ஆகியவற்றை அனுப்பினார்.

“கார்டை எதுக்கு சார் செட்டில்மெண்ட் பண்ணீங்க?”

“அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ ஆன செலவு சார். முழுசாக் கட்ட முடியல. ஆனா வாடகையை நிறுத்துனதே இல்ல, தேதியோட பாருங்க.”

மகன் அறிக்கையைவிட மஞ்சள் கோடுகளையே அதிக நேரம் பார்த்திருக்க வேண்டும். அடுத்து அவர் கேட்டது, வாடகை ஏன் சில மாதங்களில் ஏழாம் தேதிக்குப் போயிருக்கிறது என்பதுதான். சம்பளம் தாமதமான மாதங்கள் அவை.

வாடகை ரூ.10,500; அட்வான்ஸ் ஆறு மாதம் என்று தொடங்கிய பேச்சு ரூ.45,000இல் முடிந்தது. அதில் ரூ.30,000 உடனே, ரூ.15,000 இரண்டு மாதத்துக்குள். சென்னை வழக்கத்துக்கு இது குறைவுதான் என்றாலும், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘வேறு ஒப்பந்தம்’ என்ற வாசல் வழியாகத்தான் பத்து மாத வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பேரம் பேசும்போது சட்டப் பிரிவைக் காட்டி வாதாடுவதால் வீடு கிடைக்காது. சட்டத்தின் அளவு மூன்று மாதம் என்பதை மகன் அறிந்திருந்தார், அதனால் அவர் ஆறு மாதத்தைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ளவில்லை.

பழைய அட்வான்ஸ்

காலடிப்பேட்டை வீட்டுக்கு 2018இல் கொடுத்த அட்வான்ஸ் ரூ.50,000. சாவியைக் கொடுத்த பிறகே அது திரும்பும். புது வீட்டுக்கோ சாவி வாங்குவதற்கு முன்பே பணம் வேண்டும். இந்த இடைவெளிதான் ஏழைக் குடும்பங்களைத் தண்டலுக்கு அனுப்புகிறது. இங்கும் எதிராளியின் அவசரமே கைகொடுத்தது. புரொமோட்டரிடம் காலி இடத்தை ஒப்படைக்க உரிமையாளருக்கு ஒரு தேதி இருந்தது. நீதிமன்றம் போனால் இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. எழுத்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனதும் அவருக்கே சாதகம், ஏனெனில் ஒப்பந்தம் இல்லாமையையே காலி செய்யக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்றாக மேற்சொன்ன வாடகைச் சட்டம் வைத்திருக்கிறது. ஆயினும் ஆணை வாங்க மாதங்கள் ஆகும். பாதி அட்வான்ஸை இப்போதே கொடுத்தால் ஜூலை 25க்குள் சாவியைத் தருகிறோம் என்று குடும்பம் சொன்னது, அவர் ஒப்புக்கொண்டார். ரூ.25,000 பெற்றதற்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது எழுதி, மீதி ரூ.25,000 சாவி கொடுக்கும் அன்று தரப்படும் என்று அதிலேயே அவரும் கையெழுத்திட்டார்.

முன்பணம் ரூ.30,000, முதல் மாத வாடகை ரூ.10,500, டாடா ஏஸ் வண்டிக்கும் ஏற்றுகூலிக்கும் ரூ.4,000, கேன்காரருக்கு அன்பாகக் கொடுத்த ரூ.1,000. மொத்தம் ரூ.45,500இல் ரூ.40,000 பழைய அட்வான்ஸிலிருந்தும் கையிருப்பிலிருந்தும், மீதி சம்பளத்திலிருந்தும் வந்தது. புதுக் கடன் ஒரு ரூபாய்கூட இல்லை.

ஆடி மாதத்தில் சாமான் ஏற்றிக் குடிபோவதைத் தாயார் ஏற்கவில்லை. ஆனிக் கடைசியில் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சி, ஒரு குடம் தண்ணீரும் அரிசியும் உப்பும் வைத்துவிட்டு வந்தால் குடிபுகுந்ததாகிவிடும், சாமான்கள் பிறகு வரலாம் என்று அம்மையார் சொன்ன வழியில் அது தீர்ந்தது.

ஒப்பந்தம்

பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவே வேண்டாம் என்பது பத்திர எழுத்தர்கள் நடுவிலும் பரவிய பேச்சு. ஓராண்டுக்கு உட்பட்ட குத்தகைக்குச் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயமில்லை என்பது சரி. ஆனால் மேற்சொன்ன வாடகைச் சட்டத்தின்படி காலம் எதுவானாலும் எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிந்து எண் பெற வேண்டும். அம்மையாரின் மகனே அதைச் செய்துகொடுத்தார். ஒப்பந்தம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. அட்வான்ஸ் இரண்டு தவணை என்பதையும், காலி செய்யும்போது பெயிண்ட் செலவுக்கு உண்மையான ரசீதின்படி மட்டுமே கழிக்கலாம் என்பதையும் சேர்த்தேன். தேதி போடாத காசோலை இரண்டு கேட்டார்கள்; அதற்கு மட்டும் குடும்பம் இணங்கவில்லை. கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினால் செலாவணி முறிச்சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்ற வழக்காகும் என்று விளக்கியதும் மகன் வற்புறுத்தவில்லை. குடியிருப்போர் விவரப் படிவம் காவல் நிலையத்தில் கொடுக்கப்பட்டது.

வாகனக் கடன் நிலுவை ஆகஸ்டில் அறிக்கையிலிருந்து நீங்கியது. கடன் அட்டை ‘செட்டில்டு’ ஆகவே இருக்கிறது. பெரியவன் மெட்ரோவில் பள்ளிக்குப் போகிறான். சின்னவளுக்குப் பகிர்வு ஆட்டோவுக்கு மாதம் ரூ.1,200 கூடுதல் செலவு, டோல்கேட்டில் பார்த்த வீட்டோடு ஒப்பிட்டால் வாடகையில் மிச்சமானதில் பாதிக்கு மேல் அதிலேயே போகிறது.

பழைய உரிமையாளர் சாவி வாங்கிய அன்று ரூ.15,000 கொடுத்தார், அதுவே புது அட்வான்ஸின் இரண்டாம் தவணைக்குப் போனது. மீதி ரூ.10,000இல் ஈபி பாக்கி ரூ.1,500, பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை ரூ.8,500 என்று கழித்துக்கொண்டார். ஈபி பாக்கி நியாயமானது. இடிக்கப்போகும் கட்டடத்துக்கு எதற்குப் பெயிண்ட் என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை, வழக்கம் என்றார். உரிய கழிவு போக வைப்புத்தொகையை ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்ற சட்டப் பிரிவைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. ஜன்னல்களைக் கழற்றத் தொடங்கிய வாரத்தில் அவர் ரூ.5,000 அனுப்பினார். ரூ.3,500 இன்னும் வரவேண்டியிருக்கிறது. அதற்காக வாடகை நீதிமன்றம் போவதா என்று கணவரும் மனைவியும் இன்னும் முடிவு செய்யவில்லை.